நடுவில் நிற்கும் முள்

சார்ஜரின் மீட்டரை எரித்தது வடிவம்மாள்தான். அவள் கணவன் சின்னையா அதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அதுக்கும் வயசாச்சுலா, போயிருச்சு" என்று சொல்லிவைத்தார்.

1981, அக்டோபர். சுங்கை பினாங்கில் அந்த மாதம் மழை பெய்யாத நாள் நாலோ ஐந்தோதான் இருக்கும். ஆறு கறுத்துப் பெருகி, சந்துக்குள் நுழையலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. சந்து முனையில் அவர்களுடைய பலகை வீடு. அதை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகைதான் சின்னையாவின் பேட்டரிக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் காலி பேட்டரிகள் வரிசையாக இருக்கும், அதுவே அடையாளம்.

காலையில் டாக்சிக்காரர்கள் வருவார்கள். படகு வைத்திருக்கும் மீன்காரர்கள் வருவார்கள். ஆனால் கடைக்குச் சோறு போட்டவர்கள் பாசார் மாலாம் வியாபாரிகள்தான். திங்கள்கிழமை ஓரிடம், செவ்வாய்க்கிழமை ஓரிடம் என்று ஊர் சுற்றிக் கூடுகிற அந்த அந்திச் சந்தையில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு டியூப் லைட், அதற்கு ஒரு கார் பேட்டரி. காலையில் கொண்டுவந்து போட்டுவிட்டு மூன்று மணிக்கு வந்து தூக்கிப் போவார்கள்.

சார்ஜர் ஒரு பச்சை நிற இரும்புப் பெட்டி. பிஸ்கட் டின் இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. சின்னையா முன்பு வேலை செய்த வொர்க்‌ஷாப்பை மூடியபோது அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. அதன் நெற்றியில் வட்டமாக ஒரு மீட்டர். பேட்டரியை மாட்டியதும் முள் எழுந்து நாலில் நிற்கும். பேட்டரி நிறைய நிறையக் கீழே இறங்கும். வேலை முடிந்தால் சின்னையா சுவிட்சைத் தட்டி அணைப்பார், முள் பூஜ்யத்தில் படுக்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்பார், அதற்குப் பிறகுதான் கிளிப்பில் கை வைப்பார். கொதிக்கிற பேட்டரியிலிருந்து கிளம்பும் ஆவி ஒரு சின்னப் பொறி பட்டாலும் வெடித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். கரண்ட் ஓடும்போது கிளிப்பை இழுத்தால் பொறி பறக்கும். முள் படுத்துவிட்டால் பயமில்லை. பதினைந்து வருடமாக அவர் கண்ணுக்கும் கைக்கும் நடுவில் அந்த முள் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் அவர் பேட்டரித் தண்ணீர் வாங்க சைக்கிளில் போயிருந்தார். கூரை ஒழுகி சார்ஜருக்கு மேலேயே சொட்டத் தொடங்கியது. வடிவம்மாள் ஓடிப் போய் அதைத் தூக்கி மேசையின் காய்ந்த மூலையில் வைத்தாள். சிவப்புக் கிளிப்பும் கறுப்புக் கிளிப்பும் ஈரத்தில் கிடக்க வேண்டாம் என்று மேசைமேல் அடித்திருந்த தகரத்தில் எடுத்து வைத்தாள். தண்ணீர் உள்ளே போய்க் கெட்டுவிட்டதோ என்று பார்க்க சுவிட்சைத் தட்டினாள்.

முள் ஒரே தாவாகத் தாவிக் கடைசியில் போய் இடித்தது. கண்ணாடிக்குள் பழுப்பாகப் புகை சுழன்றது. அதற்குப் பிறகு அது அசையவே இல்லை.

சின்னையா வந்து பார்த்தார். தகரத்தின்மேல் கிடந்த இரண்டு கிளிப்பையும் பார்த்தார்.

"ரெண்டையும் இதுமேலயா வச்சே?"

"ஆமாங்க."

"ம்." கிளிப்புகளை எடுத்து ஓரமாக வைத்தார். "கோப்பி இருக்கா?"

அவ்வளவுதான். கோப்பியைக் குடித்துவிட்டுப் பெட்டியின் முதுகைத் திறந்து, மீட்டருக்குப் போகிற இரண்டு வயரையும் ஒரு செப்புக் கம்பியால் ஒன்றாக முறுக்கி விட்டார். சார்ஜர் மறுபடி வேலை செய்தது. எவ்வளவு கரண்ட் போகிறது, போகிறதா நின்றதா என்பது மட்டும் தெரியாது.

"முள் இல்லாம எப்படிங்க?" என்று கேட்டாள்.

"பேட்டரி கொதிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? தொட்டாலே சூடு தெரியும். மெதுவா ஒண்ணு தேடி வாங்கிக்குவம்."

மூன்று வாரம் அப்படி ஓடியது.

அன்று செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு நோர்மா தன் பேட்டரியை எடுக்க வந்திருந்தாள். பாசார் மாலாமில் அப்பாம் பாலிக் என்கிற மடிப்பு அப்பம் சுடுகிறவள், நாற்பத்தைந்து வயதிருக்கும், மாவு அடித்து அடித்துத் தோள் அகன்ற மலாய்க்காரி. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் பேட்டரி கொதித்த சத்தம் சின்னையாவுக்குக் கேட்கவில்லை. சுவிட்சைத் தட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு கிளிப்பை இழுத்தார்.

அடுப்படியில் இருந்த வடிவம்மாளுக்கு லாரி டயர் வெடித்தது போலக் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் கொட்டகைக்குள் யாரும் இல்லை. பேட்டரியின் மூடி கூரையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. வாசலில், கூரைப் பீலியிலிருந்து மழைத்தண்ணீர் அருவியாகக் கொட்டும் இடத்தில், நோர்மா சின்னையாவைச் சேற்றில் மல்லாக்கப் போட்டு அவர் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றியிருந்தாள். அவர் முகம் நேரே பீலிக்குக் கீழே இருந்தது. ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை விரல்களால் மூடிய இமைகளைப் பிரித்துப் பிரித்துத் தண்ணீர் காட்டினாள். அவர் காலை உதறினார், கத்தினார், திமிறினார்.

தன் புருஷனை அவள் கொல்கிறாள் என்றுதான் வடிவம்மாள் முதலில் நினைத்தாள். ஓடிப் போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

நோர்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆசிட்," என்றாள் மலாயில். "கண்ணுல ஆசிட். காலைப் பிடி, தங்காச்சி. விட்டுடாதே."

வடிவம்மாள் காலைப் பிடித்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கால் மணி நேரம் என்றார்கள். டாக்சிக்காரர் ஒருவர் வந்து அவரைத் தூக்கி ஏற்றிய பிறகுதான் நோர்மா தன் கைகளை அந்த மழையில் நீட்டினாள். அவள் உடுத்தியிருந்த பாஜு குரோங்கின் முன்பக்கம் பொத்தல் பொத்தலாக ஓட்டை விழுந்திருந்தது.

ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டார். மறுநாள் வடிவம்மாளைக் கூப்பிட்டு, "யார் இவர் கண்ணைக் கழுவினது?" என்று கேட்டார். சொன்னாள். "இங்க வந்து நாங்க கழுவுறதுக்குள்ள கண்ணு போயிருக்கும். அந்தம்மா கழுவுனதாலதான் இப்ப நம்பிக்கையாப் பேச முடியுது. வலது கண்ணு நல்லாவே தெரியும்னு நினைக்கிறேன். இடது கொஞ்சம் மங்கலா இருக்கலாம். மூணு வாரம் பொறுங்க."

வடிவம்மாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. நோர்மாவின் வீடு எங்கே இருக்கிறது என்றுகூடத் தனக்குத் தெரியாதே என்று தோன்றியது.

இரண்டு பெண்பிள்ளைகளையும் நிபோங் திபாலில் எஸ்டேட்டில் இருந்த அக்கா வந்து கூட்டிப் போய்விட்டாள். தினமும் பகல் பன்னிரண்டுக்கு வடிவம்மாள் அடுக்குச் சட்டியில் சோறும் ரசமும் கொண்டு பஸ் ஏறினாள். ரசத்தில் பிசைந்து ஊட்டுவாள். அவர் பிள்ளை மாதிரி வாயைத் திறப்பார். ஒன்பதாவது நாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்:

"அந்தப் பெட்டியை பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுரு."

"முதல்ல சாப்புடுங்க."

"கண்ணு தெரிஞ்சாலும் அந்தப் பக்கம் போக மாட்டேன், வடிவு. எங்கயாவது ஜாகா வேலைக்குப் போய்க்கிறேன். கதவைத் திறந்து மூடுற வேலை போதும்."

"வெடிச்சதுக்குப் பயமா?"

கட்டுப் போட்ட முகத்தை அவர் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்கு ஆனது ஆச்சு. அந்தம்மா ரெண்டு அடி தள்ளி நின்னா. ரெண்டு அடி முன்னால நின்னுருந்தா? நான் சுவிட்சைத் தட்டலலா. தட்டுனேன்னு நினைச்சுக்கிட்டேன். முள் இருந்தா தெரிஞ்சிருக்கும்."

வடிவம்மாளின் கை சட்டிக்குள்ளேயே நின்றது. அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். குத்திக்காட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"மீட்டரை யாரு எரிச்சாங்கன்னு யாருகிட்டயாவது சொல்லிக்கிட்டுத் திரியாதே," என்றார் அவர். "தெரிஞ்சா செஞ்சே."

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் கொட்டகைக்குள் போனாள். வெடிப்புக்குப் பிறகு அவள் அங்கே கால் வைக்கவில்லை. கூரை ஓட்டையில் மழை இறங்கி மேசை ஊறிக் கிடந்தது. சார்ஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அவர் செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் முதுகைத் திறந்து, எரிந்த மீட்டரைக் கழற்றினாள். செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ரோப் வாக்கில் இறங்கினாள். ஜாலான் பிந்தால் தாலி என்று பெயர் மாற்றி எத்தனையோ நாளாகியும் எல்லாரும் ரோப் வாக் என்றுதான் சொன்னார்கள். பழைய சாமான் விற்கிற தெரு. துருப்பிடித்த தையல் மெஷின், ஒற்றைச் செருப்பு, ரேடியோவின் வயிறு, யாரோ யாருக்கோ வாங்கிய வெள்ளிக் கோப்பை. மீட்டரைக் காட்டிக் காட்டி நாலு கடை ஏறி இறங்கினாள். ஒருவன் அதே அளவில் ஒன்றை எடுத்து நீட்டினான். வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடத் தமிழ்தான் படிப்பு. இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் எரிந்த மீட்டரில் இருந்த எழுத்து கூரை போல உச்சி சேர்ந்து, நடுவில் ஒரு விட்டம் போட்டது. இதில் கூரை தலைகீழாக இருந்தது. விட்டத்தையும் காணோம்.

"இது வேற," என்றாள்.

"எல்லாம் ஒண்ணுதான்," என்றான் அவன். அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஐந்தாவது கடையில் ஒரு கிழட்டுச் சீனர், சிங்கிலெட் பனியன் போட்டுக்கொண்டு கடிகாரம் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தார். மீட்டரை வாங்கி மோந்து பார்த்தார்.

"எரிச்சுட்டியா?" பாசார் மலாயில் கேட்டார்.

"ஆமா, தவுக்கே."

"என்ன கார்?"

"கார் இல்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற பெட்டி. மாட்டுனா முள் நாலுல நிக்கும்."

"உன் வீட்டுக்காரன் வரலையா?"

"பேட்டரி வெடிச்சிருச்சு. கண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கு."

அவர் கடிகாரத்தைக் கீழே வைத்தார். பின்னால் போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். கிளறிக் கிளறி, உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்தார். கறுப்பு வட்டம். முள் ஓரத்தில் படுத்திருக்காமல் நட்ட நடுவில் நிமிர்ந்து நின்றது. இரண்டு பக்கமும் கோடுகள். ஒரு பக்கம் கூட்டல் குறி, ஒரு பக்கம் கழித்தல் குறி. நடுவில் கூரையும் விட்டமும் சரியாக இருந்தன.

"பழைய லாரியில கழட்டுனது. உன் பெட்டிக்கு இது போதும்." டார்ச் லைட்டிலிருந்து ஒரு பேட்டரியை உருவி, வயர் வைத்து ஒரு நொடி தொட்டார். முள் கூட்டல் பக்கம் சாய்ந்து திரும்பியது. வயரை மாற்றித் தொட்டார். கழித்தல் பக்கம் சாய்ந்தது. "பாத்தியா? மாத்திப் போட்டா இந்தப் பக்கம் போகும். ஒண்ணும் கெடாது. வயரை மாத்தினாப் போதும். ஆனா சின்னக் கோடு ஒவ்வொண்ணும் ரெண்டு. நாலுன்னா ரெண்டாவது கோடு."

"ரெண்டாவது கோடு," என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

அவர் கேட்டதைக் கொடுத்தாள். பின்னால் முடுக்கச் சின்ன நட்டுகள் நாலை அவர் தாமாகவே ஒரு தாளில் மடித்துக் கையில் வைத்தார். "வீட்டுக்காரன் கண்ணு நல்லாகட்டும்," என்று சொல்லிவிட்டு மறுபடி கடிகாரத்துக்குள் குனிந்தார்.

மீட்டர் வந்துவிட்டது. மாட்டுவது யார்? அப்போதுதான் ஹமீதா நினைவுக்கு வந்தாள். மூன்று வீடு தள்ளி இருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண், இருபத்து நாலு வயது. பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. மதிய ஷிஃப்ட் இல்லாத நாட்களில் மூன்றரைக்கு ஃபேக்டரி பஸ் அவளை முனையில் இறக்கிவிடும். வடிவம்மாள் முனையிலேயே போய் நின்றாள்.

"ஹமீதா, நீ ஈயம் வைக்கிற வேலைதானே பாக்குறே?"

"ஆமாக்கா. நாளு பூரா அதான். ஏன்?"

கேட்டுவிட்டு ஹமீதா வீட்டுக்குக்கூடப் போகவில்லை. தம்பியை அனுப்பி ஈயக்கோலை எடுத்துவரச் சொல்லிவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா இந்தக் கம்பியை முறுக்குனது?"

"உங்கண்ணன்தான். மீட்டர் எரிஞ்ச பிறகு."

"இதை முதல்ல எடுக்கணும். இது இருந்தா கரண்ட் எல்லாம் இது வழியா ஓடிரும், மீட்டர் சும்மா நிக்கும். எல்லாம் மீட்டருக்குள்ள போய்த்தான் வெளிய வரணும். ஃபெரி ஏறுற கேட் மாதிரி, ஒரே ஒரு வழி." கம்பியை வெட்டி எறிந்தாள். புது மீட்டரைப் பழைய ஓட்டையில் வைத்தாள். பொத்தென்று உள்ளே விழுந்தது. "ஓட்டை பெருசுக்கா."

இருவரும் கொஞ்ச நேரம் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். பிறகு வடிவம்மாள் அடுப்படிக்குப் போய் ஒரு காலி மைலோ டின்னைக் கொண்டுவந்தாள். ஹமீதா மூடியில் மீட்டரை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டாள். வடிவம்மாள் ஆணியால் சுற்றிலும் நெருக்க நெருக்கக் குத்தினாள், பிறகு கத்தரியால் வெட்டினாள். விரலில் ஓரிடம் கிழித்தது, அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். மூடி சரியாகப் பழைய ஓட்டையை மூடியது. அதன் நடுவில் மீட்டர் உட்கார்ந்தது. பச்சைப் பெட்டியில் பச்சை மூடி, பார்க்க அப்படி ஒன்றும் மோசமில்லை. ஈயக்கோல் சூடேறியது. ஹமீதா குனிந்து நாலு இடத்தில் தொட்டாள். நாலும் சின்ன வெள்ளிச் சொட்டாக மின்னின. அத்தனை சுத்தமான வேலையை வடிவம்மாள் பார்த்ததில்லை.

"உனக்கு நான் என்னா செய்யப் போறேன், ஹமீதா?"

"சும்மா இருங்கக்கா. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஷிஃப்ட் பஸ்ஸுக்கு விடியாம வந்து முனையில நிப்பேன். இருட்டா இருக்கும், பயமா இருக்கும். ரெண்டாவது நாளே அண்ணன் கொட்டகை லைட்டைப் போட்டு வச்சாரு. பஸ் வந்ததும் அணைச்சிருவாரு. ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

அதிகாலையில் எழுந்து போய்க் கொட்டகையில் என்ன செய்கிறார் என்று வடிவம்மாள் பல நாள் யோசித்ததுண்டு. ஏதோ பேட்டரியைப் பார்க்கப் போகிறார் என்று விட்டுவிட்டாள்.

அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நோர்மா. பின்னால் பலகையில் ஒரு பேட்டரியைக் கட்டியிருந்தாள். இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்தது.

வடிவம்மாள் எழுந்து நின்றாள். பத்து நாளாக மனதுக்குள் எத்தனையோ பேசி வைத்திருந்தாள். போய் அந்தத் துணி சுற்றிய கைகளை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆ, ஆ, மெல்ல," என்றாள் நோர்மா. "தோல் இப்பதான் வருது. எப்படி இருக்கார் உன் புருஷன்?"

"டாக்டர் சொன்னார், நீங்க இல்லைன்னா கண்ணு இல்லைன்னு, காக்." மலாயில் அக்காவுக்கு அதுதான் சொல்.

"அல்ஹம்துலில்லாஹ்." பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "மச்சான் பேட்டரி ஒண்ணு கொடுத்தார். சார்ஜ் ஏத்தணும்."

வடிவம்மாள் அவளையே பார்த்தாள். "இங்கயா?"

"வேற எங்க?"

"காக், நான் ஒண்ணு சொல்லணும்." நின்றுகொண்டே சொன்னாள். மழை ஒழுகியது, பெட்டியைத் தூக்கி வைத்தது, தகரத்தின்மேல் வைத்த கிளிப்புகள், சுவிட்ச், புகை, அவர் யாரிடமும் சொல்லாதது. அவளுடைய மலாய் திணறியது. தெரியாத சொல்லுக்கெல்லாம் கையால் காட்டினாள். "முள் இருந்திருந்தா அவர் கிளிப்பை இழுத்திருக்க மாட்டார். உங்க கை வெந்தது என்னால."

ஹமீதா ஈயக்கோலைப் பிடித்தபடியே அசையாமல் இருந்தாள்.

நோர்மா தன் கைத்துணியைப் பார்த்தாள். "அந்தப் பேட்டரி ஏழு வருஷப் பேட்டரி," என்றாள் மெதுவாக. "ஒரு பக்கம் வீங்கியிருந்துச்சு. தூக்கிப் போடுன்னு மச்சான் ஹரி ராயாப் பெருநாளுக்கு முன்னாலேயே சொன்னார். உன் புருஷன் கேட்டார், நல்லா இருக்கான்னு. நல்லா இருக்குன்னு சொன்னேன். வீங்குன பக்கத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சேன், அவர் கண்ணுல படக்கூடாதுன்னு. பத்து நாளா நான் சரியாச் சாப்பிடல, தங்காச்சி. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தனை நாளா வரல."

தகரத்தில் மழை மறுபடி பிடித்தது.

"சரி," என்றாள் நோர்மா. "உன் மீட்டர் வேலை செய்யுதா பாப்போம்."

வடிவம்மாள் முதலில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து மேசை ஓரத்தில் வைத்தாள். பேட்டரி மூடிகளைத் திறந்தாள். சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் மாட்டினாள். நோர்மாவையும் ஹமீதாவையும் வாசலுக்குப் போகச் சொன்னாள். ஹமீதா போனாள். நோர்மா முக்காலியை ஒரு முழம் பின்னால் நகர்த்திப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

சுவிட்சைத் தட்டினாள். முள் கழித்தல் பக்கம் சாய்ந்தது.

"அய்யோ, என்னாக்கா இது," என்றாள் ஹமீதா வாசலிலிருந்து.

"ஒண்ணும் இல்ல," என்றாள் வடிவம்மாள். சுவிட்சை அணைத்தாள். "வயரை மாத்தி வச்சிருக்கே. மாத்தினாச் சரியாப் போயிரும். மீட்டர் கடைத் தவுக்கே சொன்னார்."

ஹமீதா உள்ளே வந்து மாற்றி வைத்தாள். மறுபடி தட்டியதும் முள் கூட்டல் பக்கம் போய் இரண்டாவது கோட்டில் நின்றது. லேசாக நடுங்கியது, பிறகு நிலைத்தது. ஹமீதா பையிலிருந்து ஒரு குட்டிப் புட்டியை எடுத்தாள். சரிபார்த்த திருகாணிமேல் ஃபேக்டரியில் வைக்கிற சிவப்பு மை. அந்தக் கோட்டுக்கு நேரே கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தாள். "இதைத் தாண்டுச்சுன்னா அணைச்சிருங்கக்கா."

நோர்மா அன்று எங்கும் போகவில்லை. மழை விடும் வரை மூவரும் கோப்பி குடித்தார்கள். இரண்டு மணி நேரத்தில் முள் இறங்கி நடுவை நெருங்கியது. வடிவம்மாள் சுவிட்சைத் தட்டினாள். முள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தாள். பத்து எண்ணினாள். கிளிப்பைக் கழற்றினாள். ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளிலிருந்து ஒன்றிரண்டு பேட்டரிகள் வரத் தொடங்கின. வீங்கிய பேட்டரி எதையும் அவள் உள்ளே விடவில்லை. ஆஸ்பத்திரியில் அவரிடம் இதைச் சொல்லவில்லை. பழைய இரும்புக்காரன் வந்தானா என்று கேட்டபோது, "மழைலா, வரல" என்றாள். அது பொய் இல்லை.

நவம்பர் இரண்டாம் வாரம் கட்டு அவிழ்த்தார்கள். வலது கண் தெளிவாகத் தெரிந்தது. இடது கண்ணால் பார்த்தால் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல என்றார். முதலில் பார்த்தது வடிவம்மாளைத்தான். "இளைச்சுட்டே," என்றார்.

டிரைஷாவில் வீட்டுக்கு வந்தார். கொட்டகைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே உள்ளே போய்ப் பாயை விரித்தார். மூன்று நாள் அப்படியே. பிள்ளைகள் நிபோங் திபாலிலிருந்து வந்து அப்பா மடியில் ஏறினார்கள். கொட்டகையில் வடிவம்மாள் நடமாடும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும், ஆனால் என்னவென்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நாலாவது நாள் செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு சைக்கிள் மணி கேட்டது. நோர்மாவின் குரல் உயர்ந்த குரல், வீடு முழுக்கக் கேட்கும். "தங்காச்சி, பேட்டரி ஆச்சா?"

உள்ளே பாய் சரசரத்தது. சின்னையா கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து கொட்டகை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையை லேசாக இடது பக்கம் திருப்பி, நல்ல கண்ணால் நோர்மாவைப் பார்த்தார். கைத்துணி அவிழ்ந்திருந்தது. விரல்களில் தோல் புதிதாக, இளஞ்சிவப்பாக இருந்தது.

"காக்," என்றார்.

"பாக்க முடியுதா?" என்றாள் நோர்மா. "நான் அழகா இருக்கேனா?"

அவர் சிரிக்கவில்லை. அவள் வலது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பிறை வடிவில் வரிசையாகத் தழும்பு, சிவப்பு ஆறிக் கறுத்துக்கொண்டிருந்தது. விரல்களில் இருந்தது மாதிரி இல்லை.

"அதுவும் ஆசிட்டா, காக்?"

நோர்மா கையைத் திருப்பிப் பார்த்தாள். "இதா? இது பல்லு."

"பல்லா?"

"உன் பல்லுதான். வேற யாரு? கண்ணைத் திறக்க விடமாட்டேன்னு கடிச்சே. மழையில கால் மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருந்தே. வீட்டுல என் புருஷன் கேட்டார், தண்ணீர்மலைக் குரங்கு எதுவும் கடிச்சிருச்சான்னு. ஆமான்னு சொல்லிட்டேன்."

வடிவம்மாளுக்கு இது புதிது. அன்று காலைப் பிடித்திருந்தவள் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை நாளில் நோர்மாவும் இதைச் சொல்லவில்லை.

சின்னையா நிலையை விட்டுவிட்டு வந்து நோர்மாவுக்கு முன்னால் குந்தினார். அந்தத் தழும்பைத் தொடவில்லை. அதற்கு நேரே கையை நீட்டி, பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. நோர்மாவும் சிரித்தாள். வடிவம்மாள் மேசைக்குப் பின்னால் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

எழுந்தபோதுதான் அவர் சார்ஜரைப் பார்த்தார். கிட்டப் போய் நல்ல கண்ணைக் கொடுத்துக் குனிந்தார். மைலோ மூடியைத் தடவினார். பின்பக்கம் எட்டி ஈயம் வைத்த இடங்களைப் பார்த்தார்.

"யாரு வேலை?"

"ஹமீதா."

"கை சுத்தமா இருக்கு." முள்ளைப் பார்த்தார். "இது ஏன் நடுவுக்கு வருது?"

"லாரி மீட்டருங்க. நடுவுலதான் பூஜ்யம். அந்தப் பொட்டைத் தாண்டக்கூடாது."

"ம்." பேட்டரிமேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். "ஏறிருச்சு. தட்டு."

அவள் சுவிட்சைத் தட்டினாள். முள் மெல்லத் திரும்பி நிமிர்ந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவளும் பார்த்தாள். பிறகு அவரே கறுப்புக் கிளிப்பைக் கழற்றினார், சிவப்பைக் கழற்றினார். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் நோர்மாவின் சைக்கிள் பலகையில் வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் சந்து முனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தவர் உள்ளே போகவில்லை. மேசை ஓரத்து வாளித் தண்ணீரில் தூசி படிந்திருந்ததைப் பார்த்து, அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு யாரு யாரு பேட்டரி வருது?" என்றார்.